இச்சி மரத்தில் போன்சாய்: ஐந்தாண்டு வளர்ப்பு முறையும் தொட்டி மாற்றும் பக்குவமும்

"ஜப்பானிய மேப்பிள் கன்று எங்கே கிடைக்கும்? மாடித் தோட்டத்தில் போன்சாய் வளர்க்க ஆசை." பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. சிவந்த இலைகளோடு தட்டில் நிற்கும் மேப்பிள் படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் மேப்பிள் குளிர் நாட்டு மரம். இலையுதிர்த்து, சில மாதங்கள் கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் அடுத்த ஆண்டு ஒழுங்காகத் துளிர்க்கும். நம் சமவெளியில் அந்த உறக்கம் அதற்குக் கிடைக்காது. கோடையில் இலை ஓரம் கருகும். ஆண்டுக்கு ஆண்டு வலுவிழந்து கடைசியில் பட்டுப்போகும்.

அதே உழைப்பை நம் மண்ணின் இச்சி மரத்தில் போடுங்கள். கல்லிச்சி என்றும் சொல்வார்கள். நர்சரிகளில் 'ஃபைகஸ் மைக்ரோகார்பா' என்று கேட்டால் தருவார்கள். ஆல், அரசு, அத்தி வகைக்குச் சொந்தக்காரன். வெட்டினால் துளிர்க்கும், வெயில் தாங்கும், விழுது விடும், இலை சிறியது. போன்சாய் பழகுபவருக்கு இதைவிடப் பொறுமையான மரம் அரிது. ஆலும் அரசும் கூடப் போன்சாய் ஆகும். ஆனால் அவற்றின் இலை பெரிது என்பதால் சிறிய தட்டில் அளவு பொருந்தி வருவது கடினம். முதல் மரமாக இச்சியே நல்லது.

இச்சி எவ்வளவு பொறுமையான மரமாக இருந்தாலும், அதைச் சாகடிக்கும் வேலை ஒன்று உண்டு. அது தொட்டி மாற்றுவது. நான் ஏழு ஆண்டுகள் வளர்த்த ஓர் இச்சியை, விடுமுறை கிடைத்ததே என்று ஐப்பசியில் வேர் வெட்டித் தட்டு மாற்றினேன். தோட்டத்துச் செம்மண்ணைச் சலிக்காமல் போட்டேன். அடுத்த வாரம் அடைமழை பிடித்துக்கொண்டது. மூன்று வாரத்தில் இலை முழுவதும் கொட்டியது. வேரைத் தோண்டிப் பார்த்தபோது கறுத்து, தொட்டால் தோல் உரியும் நிலையில் இருந்தது. பருவம், மண், பின்கவனிப்பு மூன்றிலும் நான் தவறியிருந்தேன். இக்கட்டுரையின் பெரும்பகுதி அந்த மூன்றைப் பற்றியதுதான்.

தொடக்கச் செடி

மூன்று வழிகளில் தொடங்கலாம்.

1. குச்சி: பென்சில் பருமனுக்கு மேற்பட்ட, 15 முதல் 20 செ.மீ. நீளமுள்ள முற்றிய குச்சியை நட்டால் எளிதில் வேர் பிடிக்கும். ஆணிவேர் இருக்காது. வெட்டிய இடத்தைச் சுற்றிலும் வேர் பரவும். போன்சாய்க்கு இதுவே வேண்டும்.

2. விண்பதியம்: வளர்ந்த மரத்தில் கட்டைவிரல் பருமனுள்ள கிளையைத் தேர்ந்து, பட்டையை வளையமாக நீக்கி, ஈரமான தேங்காய் நார்க்கழிவு வைத்து, பாலித்தீன் தாளால் கட்ட வேண்டும். வேர் நன்றாகத் தெரிந்தபின் வெட்டி நடலாம். தண்டு பருக்கக் காத்திருக்கும் காலம் குறையும்.

3. சுவரில் முளைத்த கன்று: பறவை எச்சத்தால் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலும் கிணற்று உறையிலும் இச்சியும் அரசும் முளைக்கும். விட்டால் கட்டடத்தைப் பிளக்கும். அவற்றை எடுத்து வளர்த்தால் கட்டடமும் தப்பும், மரமும் தப்பும். வேர் குறைவாகவே வரும் என்பதால் இலைகளில் பாதிக்கு மேல் நீக்கிவிட்டு நிழலில் நட வேண்டும்.

கடைகளில் அடியில் கிழங்கு போலப் பருத்த வேரோடு விற்கும் 'ஜின்செங்' இச்சியை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலும் அதன் மேலே உள்ள இலைப்பகுதி ஒட்டுக் கட்டியது. ஒட்டுக்குக் கீழே வெட்டினால் வேறு இலை வரும். மேல்மண்ணில் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் வாங்கியதும் பிரித்துவிடுங்கள். அதன் வழியே தண்ணீர் இறங்காது.

ஆண்டு வாரியாகச் செய்ய வேண்டியவை

முதல் ஆண்டு: வேரும் பருமனும். பலர் முதல் நாளே சிறிய தட்டில் நட்டுவிடுகிறார்கள். தட்டில் வைத்த நாளோடு தண்டு பருப்பது ஏறக்குறைய நின்றுவிடும். முதலில் நிலத்திலோ 12 அங்குலத் தொட்டியிலோ வையுங்கள். செடிக்கு நேர் கீழே 5 செ.மீ. ஆழத்தில் ஒரு உடைந்த தரை ஓட்டை வைத்து, அதன்மேல் வேரைச் சக்கரத்தின் ஆரம்போல் விரித்து நடுங்கள். கீழ்நோக்கிப் போக முடியாத வேர் பக்கவாட்டில் பரவும். பிற்காலத்தில் மரத்தின் அடியில் மண்ணைப் பிடித்து நிற்கும் வேர்ப்பரப்பு இப்படித்தான் உருவாகும். இந்த ஆண்டு கத்தரிக்கோலைத் தொட வேண்டாம். இலை எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாகத் தண்டு பருக்கும்.

இரண்டாம் ஆண்டு: தண்டு வெட்டு. அடித்தண்டு நீங்கள் நினைத்த பருமனுக்கு வந்ததும் வெட்டலாம். மரத்தின் உயரம் அடிப்பருமனைப் போல் ஆறு மடங்கு என்பது பொதுவான கணக்கு. அடி 5 செ.மீ. என்றால் முடிவில் உயரம் 30 செ.மீ. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 செ.மீ. உயரத்தில் முதல் வெட்டு. வெட்டுக்குக் கீழே பல துளிர் வரும். ஒன்றைப் புதிய தலைத்தண்டாக விட்டு அது பருத்ததும் மீண்டும் வெட்டினால், கீழே பருத்து மேலே மெலியும் இயல்பான வடிவம் கிடைக்கும். அடியில் ஒரு கிளையை வெட்டாமல் நீளவிட்டால் அதற்குக் கீழுள்ள தண்டு விரைவாகப் பருக்கும். வேலை முடிந்ததும் அந்தக் கிளையை நீக்கிவிடலாம்.

வெட்டிய இடத்தில் பால் வடியும். ஈரத்துணியால் துடைத்தாலோ தண்ணீர் தெளித்தாலோ நின்றுவிடும். சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும் என்பதால் கையுறை போடுங்கள், கண்ணில் படாமல் பாருங்கள். பெரிய வெட்டுக்குப் போர்டோ பசை தடவலாம்.

மூன்றாம் ஆண்டு: கிளை அமைப்பு. இடம், வலம், பின்பக்கம் என மாறி மாறி நான்கைந்து கிளைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே உயரத்தில் இரண்டு கிளை எதிரெதிராக வேண்டாம். அந்த இடம் வீங்கிவிடும். கிளை பருமனில் மூன்றில் ஒரு பங்குள்ள அலுமினியக் கம்பியை 45 பாகைச் சாய்வில் சுற்றி, கிளையை மெதுவாக வளைக்கலாம். நம் வெப்பத்தில் இச்சி வேகமாகப் பருக்கும். ஆறு வாரத்திலேயே கம்பி பட்டைக்குள் பதியத் தொடங்கும். வாரம் ஒருமுறை பாருங்கள். கழற்றும்போது கம்பியைச் சுற்றி எடுக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுத்தால் கிளை முறியாது.

நான்காம் ஆண்டு: தட்டுக்கு மாற்றம். அடித்தண்டும் முதல் கிளைகளும் அமைந்த பிறகே தட்டு. நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கும், ஆழம் ஏறத்தாழ அடிப்பருமன் அளவும் இருந்தால் பார்வைக்குப் பொருந்தும். வடிகால் துளை இரண்டாவது இருக்க வேண்டும். பெரிய தொட்டியிலிருந்து நேரே ஆழமற்ற தட்டுக்குத் தாவ வேண்டாம். இடையில் ஓராண்டு பாதி ஆழமுள்ள தொட்டியில் வைத்து வேரைப் பழக்கினால் இழப்பு குறையும்.

ஐந்தாம் ஆண்டு: நுணுக்கம். ஆறேழு இலை வந்ததும் இரண்டு மூன்று இலை விட்டு நுனியைக் கிள்ளுங்கள். ஒவ்வொரு கிள்ளலுக்கும் ஒரு கிளை இரண்டாகும். நன்றாகத் தேறிய மரத்தில் இலைக்காம்பை விட்டுவிட்டு இலையை மட்டும் வெட்டி நீக்கினால் அடுத்து வரும் இலை சிறிதாக வரும். தொட்டி மாற்றிய ஆண்டில் இதைச் செய்யக் கூடாது. வேரிலும் இலையிலும் ஒரே ஆண்டில் கை வைத்தால் மரம் எதைக் கொண்டு மீளும்?

மண் கலவை

ஒரு ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கை வசமாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதை நிமிர்த்திப் பிடியுங்கள். மீண்டும் தண்ணீர் வடியும். தொட்டியிலும் இதுதான் நடக்கிறது. எந்தத் தொட்டியிலும் அடியில் சில செ.மீ. உயரத்துக்கு மண் நீர் கோத்து நிற்கும். ஆழமான தொட்டியில் அது சிறு பகுதி. 5 செ.மீ. ஆழமுள்ள தட்டிலோ அதுவே பாதி மண்ணாகிவிடும். பூந்தொட்டிக்கு நன்றாக இருந்த மண், போன்சாய்த் தட்டில் வேரை அழுகவைப்பது இதனால்தான். அடியில் ஜல்லி பரப்பினாலும் தீராது. நீர் கோக்கும் அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி நிற்கும், அவ்வளவே. தீர்வு, மண் முழுவதும் பருக்கையாக இருப்பதுதான்.

ஜப்பானில் அகடாமா என்ற சுட்டதுபோல் இறுகிய களிமண் பருக்கையைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே இறக்குமதி விலை கொடுக்கத் தேவையில்லை.

• நன்றாக வெந்த செங்கல்லை உடைத்த பருக்கை: 2 பங்கு
• கழுவிய கருங்கல் குருணை அல்லது கரும்பரல் மணல்: 1 பங்கு
• நன்கு மக்கிய தொழு உரம் அல்லது இலை மக்கு: 1 பங்கு

எல்லாவற்றையும் இரண்டு சல்லடையில் சலித்து, 2 முதல் 5 மி.மீ. அளவுள்ளதை மட்டும் எடுங்கள். தூசை இரக்கமின்றிக் கழியுங்கள். துளைகளை அடைப்பது அந்தத் தூசுதான். வேகாத செங்கல் ஆறு மாதத்தில் சேறாகும். ஒரு பருக்கையை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். கரையாவிட்டால் பயன்படுத்தலாம்.

தொட்டி மாற்ற ஏற்ற பருவம்

நூல்களிலும் காணொளிகளிலும் "குளிர் முடிந்து மொட்டு உப்பும்போது தொட்டி மாற்றுங்கள்" என்று சொல்வார்கள். மேப்பிளுக்கு அது சரி. குளிர்காலத்தில் அது இலையுதிர்த்து, உணவைத் தண்டிலும் வேரிலும் சேமித்து வைத்திருக்கும். மொட்டு உப்பும் தருணத்தில் வேரை வெட்டினாலும், சேமிப்பைக் கொண்டு புது வேர் விட்டுவிடும். இச்சிக்கு அப்படி ஓர் உறக்கம் கிடையாது. வெப்பமும் வேலை செய்யும் இலையும் இருக்கும்போதுதான் வெட்டிய வேர் விரைவாகத் துளிர்க்கும். மேப்பிளின் நாட்காட்டியை இச்சிக்குப் போட்டு மார்கழியில் வேர் வெட்டினால், வெட்டுவாய் ஆறாமல் ஈரத்தில் கிடக்கும்.

நம் சமவெளிக்கு மாசி, பங்குனியில் புதுத்துளிர் ஓடத் தொடங்கும் நேரம் ஏற்றது. தவறவிட்டால் கத்திரி வெயில் தணிந்தபின் ஆடி, ஆவணியில் செய்யலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையும், மார்கழிக் குளிரும், அக்னி நட்சத்திர நாட்களும் வேண்டாம்.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை? இளமரத்துக்கு ஏறத்தாழ 2 ஆண்டு, முதிர்ந்ததற்கு 3 ஆண்டு. ஆனால் நாட்காட்டியைவிட மரம் சொல்வதே சரி. ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலே நின்றால், வடிகால் துளையில் வேர் எட்டிப் பார்த்தால், மரம் தட்டின் விளிம்புக்கு மேல் எழும்பி நின்றால், மாற்றும் காலம் வந்துவிட்டது. இந்த அறிகுறி எதுவும் இல்லாத மரத்தைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

தொட்டி மாற்றும் முறை

1. முதல் நாள் தண்ணீர் விட வேண்டாம். மண் சற்று உலர்ந்திருந்தால் உதிரும்.
2. புதிய தட்டின் துளைகள் மேல் பிளாஸ்டிக் வலை வைத்து, மரத்தைக் கட்டுவதற்குத் துளை வழியே கம்பி கோத்து வையுங்கள். கலவையைத் தயாராக வைத்துக்கொண்ட பிறகே மரத்தை வெளியே எடுங்கள். வேர் காற்றில் காயும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பு.
3. மூங்கில் குச்சியால் வெளியிலிருந்து உள்நோக்கி வேரைச் சிக்கெடுங்கள். தண்டுக்கு அடியில் உள்ள மண்ணை முழுவதும் கழுவி எடுக்க வேண்டாம்.
4. சாராய ஸ்பிரிட்டால் துடைத்த கூரிய கத்தரியால், கீழ்நோக்கிய தடித்த வேர்களையும் சுற்றி வளைந்தவற்றையும் முதலில் வெட்டுங்கள். மெல்லிய வேர்களைக் காப்பாற்றுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். பாதியைத் தாண்டவே கூடாது.
5. வெட்டுவாயில் தண்ணீர் தெளித்துப் பாலை நிறுத்துங்கள்.
6. தட்டின் நடுவில் கலவையைச் சிறு மேடாக்கி, மரத்தை அதன்மேல் வைத்து லேசாகத் திருகி அமர்த்துங்கள். கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். காற்றில் மரம் அசைந்தால் புதிதாக வரும் வேர்முடிகள் அறுந்துபோகும். பலர் விட்டுவிடும் வேலை இது.
7. கலவையை நிரப்பி, வேர்களுக்கிடையே வெற்றிடம் இல்லாதபடி குச்சியால் குத்திச் செலுத்துங்கள். கையால் அழுத்தி இறுக்க வேண்டாம்.
8. வேர் எவ்வளவு போனதோ அதற்கு ஏற்ப இலைகளையும் குறையுங்கள்.
9. பூவாளியால், அடித்துளையில் தெளிந்த நீர் வரும்வரை ஊற்றுங்கள்.

பின்கவனிப்பு

மூன்று முதல் நான்கு வாரம் நிழல்வலையின் கீழ், காற்று அதிகம் அடிக்காத இடத்தில் வையுங்கள். வீட்டுக்குள் இருட்டில் வைக்கக் கூடாது. இலைமேல் காலையிலும் மாலையிலும் நீர் தெளியுங்கள். ஆனால் மண்ணுக்கு மேல்பரப்பு உலர்ந்த பிறகே தண்ணீர். வேர் குறைந்த மரம் குறைவாகத்தான் குடிக்கும். "வேரை வெட்டினோமே, பாவம்" என்று தினமும் ஊற்றுவதால் சாகும் மரங்களே அதிகம். ஆறு வாரம் வரை உரம் வேண்டாம்.

சில இலைகள் மஞ்சளாகிக் கொட்டினால் பதற வேண்டாம். இச்சி அதிர்ச்சியை அப்படித்தான் காட்டும். சந்தேகம் இருந்தால் பட்டையை நகத்தால் சிறிது கீறுங்கள். பச்சையாக இருந்து பால் கசிந்தால் உயிர் இருக்கிறது. நுனியில் கூர்மையான மொட்டு உறை நீளத் தொடங்கினால் வேர் பிடித்துவிட்டது என்று பொருள். அதன்பின் ஒரு வாரம் காலை வெயில், அடுத்த வாரம் அரை நாள் வெயில் எனப் படிப்படியாகப் பழக்குங்கள்.

தண்ணீர், உரம், பூச்சி

கோடையில் தட்டுக்கு நாளுக்கு இருமுறை தண்ணீர் தேவைப்படலாம். மழைக்காலத்தில் ஒரு வாரம் தேவைப்படாமலும் போகலாம். ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் செருகி வைத்து, எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். உப்பு அதிகமுள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றினால் தட்டின் விளிம்பில் வெள்ளைப் படிவு வரும், இலை நுனி கருகும். மழைநீரைச் சேமித்து, மாதம் ஒருமுறையாவது அதைத் தாராளமாக ஊற்றி உப்பை வெளியேற்றுங்கள்.

உரத்துக்கு, 100 கிராம் கடலைப் பிண்ணாக்கை 1 லிட்டர் தண்ணீரில் 5 நாள் ஊறவைத்து, தெளிவை எடுத்து 20 மடங்கு தண்ணீர் சேர்த்து 15 நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம். போன்சாய் என்றால் மரத்தைப் பட்டினி போடுவது என்ற எண்ணம் தவறு. சிறிதாக வைப்பது கவாத்தால்தான், பசியால் அல்ல.

இலை நீளவாக்கில் மடிந்து, செம்புள்ளிகள் தெரிந்தால் உள்ளே கறுப்பு இலைப்பேன் இருக்கும். மடிந்த இலைகளைப் பறித்து அழித்துவிடுங்கள். மடிப்புக்குள் மருந்து எளிதில் போகாது. பிறகு 1 லிட்டர் தண்ணீருக்கு 3 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். எறும்பு ஏறினால் மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கிறதா என்று கிளைக் கவட்டில் பாருங்கள். குறைவாக இருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாலே போதும்.

நர்சரி வைத்திருப்பவர்களுக்கு

போன்சாயில் முதலீடு பணத்தைவிட ஆண்டுகள்தான். ஒரே ஆண்டில் நூறு குச்சி நட்டுவிட்டு ஐந்து ஆண்டு காத்திருப்பதைவிட, ஆண்டுக்கு இருபது என்று நட்டுவந்தால் ஐந்தாம் ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் விற்பனைக்கு மரம் இருக்கும். ஒவ்வொரு மரத்திலும் அட்டை கட்டி, நட்ட நாள், வெட்டிய நாள், தொட்டி மாற்றிய நாள் மூன்றையும் எழுதுங்கள். வாங்குபவர் மரத்தின் வயதை நம்புவது அந்த அட்டையைப் பார்த்துத்தான். அடுத்து எப்போது, எந்த மாதத்தில் தொட்டி மாற்ற வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். வாங்கியவர் வீட்டில் மரம் செத்தால் அவர் இரண்டாவது மரம் வாங்க வரமாட்டார்.

ஜப்பானின் யமாகி குடும்பத்தார் வளர்த்த ஒரு வெள்ளைப் பைன் போன்சாய் 1625 முதல் தொட்டியில் இருக்கிறது. 1945இல் ஹிரோஷிமாவில் விழுந்த அணுகுண்டிலிருந்தும் தப்பியது. 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டு, இன்றும் வாஷிங்டனில் உள்ள தேசிய மரப்பூங்காவில் நிற்கிறது. அத்தனை தலைமுறையிலும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் சரியான பருவத்துக்குக் காத்திருந்து, சரியான மண்ணைப் போட்டு, வேரை அளவாக வெட்டியிருக்கிறார்கள். உங்கள் இச்சிக்கும் அதுவே தேவை. இந்த மாதம் நேரம் கிடைத்தால் மண்ணைச் சலித்து மூட்டை கட்டி வையுங்கள். வேரை மாசியில் தொடலாம்.